நாட்டில் மூன்று நிறுவனங்கள், நம்ம டிவிஷனில் எத்தனை? தொலைத்தொடர்புப் போட்டி பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கையில் எத்தனை மொபைல் நிறுவனங்கள் இருக்கின்றன என்று கேட்டால் பதில் சுலபம். டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என்று மூன்று. அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்தில், உங்கள் டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவு), லயத்துக்குள்ளே (தொழிலாளர் வரிசை வீடு), மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசினாலும் அறுபடாத நிறுவனங்கள் எத்தனை? பொகவந்தலாவைப் பக்கத்திலோ அக்கரப்பத்தனையிலோ மடுல்சீமையிலோ இருக்கிற பலர் "ஒன்று" என்பார்கள். "வாசலுக்கு வந்தால் ஒன்று" என்று சொல்கிறவர்களும் உண்டு.

தொலைத்தொடர்புச் சந்தையில் போட்டி, போட்டியால் வளர்ச்சி என்றெல்லாம் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். அது உண்மைதான், இலங்கை அதற்கு நல்ல உதாரணமும்கூட. ஆனால் அந்தக் கணக்கை நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். சிக்னலை நாம் வீட்டில் இருந்துகொண்டு தேடுகிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பொருளாதாரம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே ஒருவர் மட்டும் இருந்த காலம்

1991 வரை கம்பித் தொலைபேசி என்பது ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் வேலை. இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தோட்டப்புறத்தில் போன் இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: துரை பங்களா, தோட்ட ஒபீஸ், தபால் கந்தோர், டவுனில் சில முதலாளிமாரின் கடைகள். சாவுச் செய்திகூடத் தந்தியில்தான் வந்தது.

ஏன் ஒரே நிறுவனத்தின் கையில் விட்டிருந்தார்கள்? அதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கப் பெரிய செலவாகும். இரண்டாவது நிறுவனம் ஒன்று வந்து அதே வழியில் இன்னொரு கம்பி இழுத்தால் செலவு இரட்டிப்பாகும், பேசுகிற ஆட்கள் அதே ஆட்கள்தான். அதனால் ஒருவரே செய்வதுதான் சிக்கனம் என்றார்கள். பொருளியலில் இதை இயற்கை ஏகபோகம் என்பார்கள். குழாய்த் தண்ணீரும் மின்சாரக் கம்பியும் இன்றுவரை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன.

இந்த நியாயத்தை உடைத்தது வானொலி அலை. கம்பி இல்லாமல் பேச முடியும் என்றானபோது, இரண்டாவது நிறுவனம் வருவது வீண்செலவு என்ற வாதம் பலவீனப்பட்டது. 1989 இல் செல்டெல் இலங்கையில் மொபைல் சேவையை ஆரம்பித்தது. தெற்காசியாவிலேயே முதல் மொபைல் சேவை அது. 1991 இல் வந்த தொலைத்தொடர்புகள் சட்டத்தோடு திணைக்களம் ஸ்ரீலங்கா டெலிகொம் (எஸ்எல்டி) ஆனது. 1993 இல் மொபிடெல் வந்தது, 1995 இல் டயலொக் டிஜிட்டல் தொழில்நுட்பத்தோடு வந்தது. 1996 இல் சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு நிறுவனங்களுக்குக் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி நடத்த அனுமதி கிடைத்தது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, இந்தச் சந்தையைக் கண்காணிக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை அமைத்தார்கள். 1997 இல் டெலிகொமின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்டிடி நிறுவனம் வாங்கியது.

மலையகத்தில் இந்த மாற்றத்தை நாம் முதலில் உணர்ந்தது டவுனில் திறந்த "கொமியூனிகேஷன்" கடைகளில். பலகையால் அடைத்த சின்னக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், மேசையில் போன். எத்தனை நிமிடம், எவ்வளவு காசு என்று காட்டுகிற மீட்டர் வெளியே முதலாளியின் கண்ணுக்கு நேராக இருக்கும். கொழும்பில் கடையில் நிற்கிற மகனோடு, குவைத்தில் வேலை செய்கிற அக்காவோடு பேச ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே பேசுகிறவரின் கண் அந்த மீட்டரை விட்டு நகராது. வெளிநாட்டு அழைப்பு அவ்வளவு விலையாக இருந்ததற்குக் காரணம், 2002 ஆகஸ்ட் வரை அந்தச் சேவையை நடத்தும் தனி உரிமை டெலிகொமிடம் மட்டும் இருந்ததுதான். அந்த உரிமை முடிந்து 2003 இல் பல நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்த பிறகு வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் மளமளவென்று இறங்கியது. போட்டி என்ற சொல்லைக் கேள்விப்படாதவரும் அதன் பலனை அந்தக் கூண்டுக்குள் கண்டுகொண்டார்.

போட்டி எப்படி வளர்ச்சி ஆகிறது

ஒருவர் மட்டுமே விற்கும்போது, வாங்க வசதி உள்ளவரிடம் நல்ல விலைக்கு விற்றால் போதும். மற்றவர்களைத் தேடிப் போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நாலு பேர் விற்கும்போது, வசதி உள்ளவர்களை எல்லாம் பங்குபோட்டு முடிந்ததும், வசதி குறைந்தவரிடம் வந்துதான் ஆக வேண்டும். அவருக்குக் கட்டுப்படியாகிற விலையையும் முறையையும் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். மாதக் கடைசியில் பில் கட்ட முடியாதவருக்காக முற்பணச் சிம் வந்தது. பெரிய தொகைக்குக் கார்ட் வாங்க முடியாதவருக்காகச் சின்னத் தொகை ரீலோட் வந்தது. கொழுந்துச் சம்பளம் வாங்குகிற குடும்பத்துக்கு மொபைல் கைக்கு எட்டியது இந்த இரண்டாலும்தான்.

இலக்கத்தில் பார்த்தால் 2004 முதல் 2008 வரையான நாலு வருடம் ஆச்சரியமானது. 2004 இல் நாட்டில் சுமார் 22 இலட்சம் மொபைல் இணைப்புகள் இருந்தன. 2008 இல் அது 1 கோடி 10 இலட்சம் அளவுக்குப் போனது. வீட்டுப் போன்களும் சுமார் 10 இலட்சத்திலிருந்து 34 இலட்சத்துக்கு ஏறின. வீட்டுப் போன் ஏன் அப்படி ஏறியது என்று சமவெளியில் இருப்பவர்களுக்கு மறந்திருக்கலாம், நமக்கு மறக்காது. சிடிஎம்ஏ போன் வந்த காலம் அது. பார்க்க மேசைப் போன் மாதிரி இருக்கும், கம்பி கிடையாது. பின்னால் சின்ன அன்டெனா ஒன்று நிற்கும், அதில் எடுக்காவிட்டால் கூரைக்கு மேலே கம்பத்தில் இன்னொன்று கட்டி வயரை உள்ளே இழுப்பார்கள். டெலிகொம், சன்டெல், லங்கா பெல் மூன்றும் போட்டி போட்டு விற்றன. ஒரு லயத்தில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், அடுத்தடுத்த காம்பராக்காரர்களுக்கும் அழைப்பு அங்கேதான் வரும்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். போன் என்பது தனியாக வைத்திருந்தால் பயன் இல்லாத பொருள். உங்களுக்கு வேண்டியவர்கள் எத்தனை பேரிடம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அதன் மதிப்பு. அதனால் பெரிய நிறுவனத்துக்கு இயல்பாகவே ஓர் அனுகூலம் உண்டு: எல்லாரும் அங்கே இருப்பதால் நீங்களும் அங்கேதான் போவீர்கள். புது நிறுவனம் பிழைக்க வேண்டுமானால், அதன் சிம்மிலிருந்து மற்ற எல்லா நிறுவனங்களின் சிம்முக்கும் அழைக்க முடிய வேண்டும். இதை ஒன்றோடொன்று இணைத்தல் என்கிறார்கள். ஹட்ச் சிம்மிலிருந்து டயலொக் இலக்கத்துக்குப் பேசினால், அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக டயலொக்குக்கு ஹட்ச் ஒரு தொகை கொடுக்கும். அந்தத் தொகை கூடிப்போனால் சின்ன நிறுவனம் மூச்சுத் திணறும். இணைப்பே கொடுக்காமல் இழுத்தடித்தால் அது பிறக்கும்போதே செத்துவிடும். 1990களின் பிற்பகுதியில் புதிய நிறுவனங்களுக்கும் டெலிகொமுக்கும் நடந்த பெரிய இழுபறி இதைப் பற்றியதுதான். சந்தையைத் திறந்துவிட்டோம் என்று அறிவித்தால் மட்டும் போதாது, நடுவில் ஒரு மத்தியஸ்தர் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஒரே லயத்தில் எல்லாரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருந்ததும் இதே காரணத்தால்தான். ஒரே நிறுவனத்துக்குள் பேசினால் கட்டணம் குறைவு, வெளியே பேசினால் அதிகம். கொழும்புக்குப் போன பிள்ளை எந்தச் சிம் எடுத்ததோ அதையே அம்மாவும் எடுத்தார். ஆரம்பத்தில் வரும் அழைப்புக்கும் காசு போனதால் "மிஸ் கோல்" கொடுத்தே சேதி சொல்லப் பழகினோம்.

விலைப் போர், அப்புறம் சுருக்கம்

2009 ஜனவரியில் ஐந்தாவது மொபைல் நிறுவனமாக எயார்டெல் வந்தது. வந்த வேகத்தில் விலையைக் குறைத்தது, மற்றவர்களும் குறைத்தார்கள். பாவனையாளருக்குக் கொண்டாட்டம். நிறுவனங்களுக்கு அடி: அந்த வருடம் டயலொக்கே பெரிய நட்டம் காட்டியது. 2010 இல் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தலையிட்டு, இதற்குக் கீழே நிமிடக் கட்டணம் போகக்கூடாது என்று அடிவிலை நிர்ணயித்தது.

விலை குறைவதைத் தடுக்க அரசாங்க ஆணைக்குழு ஒன்று சட்டம் போடுவதா என்று கோபப்பட்டவர்கள் பலர். மறுபக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். செலவுக்குக் கீழே விற்றுக்கொண்டே இருந்தால் புது டவர் போடப் பணம் மிஞ்சாது. சின்ன நிறுவனங்கள் மூடிப்போனால் கடைசியில் பெரியவர் ஒருவரே மிஞ்சி, விலையைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றுவார். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. என் மனசு என்னவோ பாவனையாளர் பக்கம்தான். ஆனாலும் டவர் போடுகிற விஷயத்தில் அந்த மறுபக்கத்து வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

அடிவிலை போட்டும் சந்தை சுருங்கத்தான் செய்தது. 2012 இல் சன்டெலை டயலொக் வாங்கியது. செல்டெல் டிகோ ஆகி, பிறகு எடிசலாட் ஆகி, 2018 இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது, அதற்கு மாற்றாக இந்தியாவின் பார்தி எயார்டெலுக்கு டயலொக்கில் சுமார் 10 வீதப் பங்கு கிடைத்தது. மொபைலில் ஐந்து மூன்றானது இப்படித்தான்.

மூன்று போதுமா? உலகத்தில் பல நாடுகளில் மூன்றுதான் இருக்கின்றன. மூன்று பேரும் உண்மையாகவே மோதினால் போதும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரே மாதிரி விலை வைத்தால் போதாது. எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

மலையில் போட்டி ஏன் மெலிந்துபோகிறது

ஹட்டன்–கண்டி ரோட்டில் பஸ்ஸுக்குப் பஸ் முந்தி ஓடுகிறது. அதே ஹட்டனிலிருந்து தோட்டத்துக் கடைசி டிவிஷனுக்குப் போகிற கரத்தை ரோட்டில் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, மழை என்றால் அதுவும் இல்லை. பஸ் முதலாளிமாருக்கு இடையில் போட்டி இல்லாமல் இல்லை. போட்டி எல்லாம் ஆட்கள் ஏறுகிற ரோட்டில் குவிந்து கிடக்கிறது. டவரும் அப்படித்தான் வருகிறது.

அதற்கு மலை தன் பங்குக்கும் சிக்கல் சேர்க்கிறது. வானொலி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். குறைந்த அலைவரிசை தூரம் போகும், மேட்டைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்தும் வரும், ஆனால் அதில் டேட்டா கொள்ளளவு குறைவு. கூடிய அலைவரிசையில் டேட்டா வேகமாக ஓடும், ஆனால் ஒரு மலை முகடு மறைத்தால் அந்தப் பக்கம் இருட்டு. பொலன்னறுவை மாதிரித் தட்டையான இடத்தில் ஒரு டவர் பல ஊர்களுக்கு எட்டும். நம்ம பக்கம் ஒரு முகட்டில் போட்டால் எதிர்மலை லயத்துக்கு நாலு கோடு விழும், டவருக்கு நேர் கீழே மடுவுக்குள் இருக்கிற லயத்துக்கு ஒன்றும் விழாது. ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்தில் வீடியோ கோல் போகும், ஆற்றோர லயத்தில் எஸ்எம்எஸ்கூடப் போகாது. இது தினமும் பார்க்கிற காட்சி.

அப்புறம் செலவு. முகட்டுக்குப் பாதை வெட்ட வேண்டும், கரண்ட் இழுக்க வேண்டும், கரண்ட் போனால் ஓட்ட ஜெனரேட்டரும் பெட்டரியும் வைக்க வேண்டும். நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, குத்தகை தோட்டக் கம்பெனியிடம், கட்டட அனுமதி பிரதேச சபையிடம். இவ்வளவும் தாண்டி டவர் போட்டால் வரும்படி எவ்வளவு? 2024 இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாவாக ஏற்றவே அவ்வளவு போராட்டம் நடந்தது. அந்தச் சம்பளத்தில் மாதம் எவ்வளவு ரீலோட் போட முடியும் என்பதை நிறுவனமும் கணக்குப் பார்க்கும். முதல் நிறுவனத்துக்கே இழுபறியான இடத்தில் இரண்டாவது, மூன்றாவது நிறுவனம் டவர் போட வராது. ஆகவே நாட்டில் மூவர் போட்டி, டிவிஷனில் ஏகபோகம்.

தேசியப் புள்ளிவிவரத்தில் இது தெரியாது. இலங்கையின் மக்கள்தொகை சுமார் 2 கோடி 17 இலட்சம், மொபைல் இணைப்புகள் அதைவிடப் பல இலட்சம் கூட. வாசிக்கிறவர் "எல்லாருக்கும் போன் கிடைத்துவிட்டது" என்று நினைத்துக்கொள்வார். நம்ம ஆட்கள் ஏன் இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்று லயத்தில் எடுக்கிறது, மற்றது மலையிலும் டவுனிலும் எடுக்கிறது. இரண்டுக்கும் ரீலோட் போட வேண்டும், இரண்டும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய சிரமம் புள்ளிவிவரத்தில் இரண்டு இணைப்பாக, வளர்ச்சியாகப் பதிவாகிறது.

2020, 2021 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது இது யாருடைய தலையில் விழுந்தது என்று பார்த்தோம். மலை ஏறியும் மரம் ஏறியும் பிள்ளைகள் சிக்னல் தேடிய படங்கள் செய்திகளில் வந்தன. செய்தியில் வராத வீடுகளில் ஜன்னல் கம்பியில் போனைப் பையோடு கட்டித் தொங்கவிட்டு, ஹொட்ஸ்பொட் போட்டு, கீழே உட்கார்ந்து இன்னொரு போனில் வட்ஸ்அப்பில் வந்த பாடத்தை இறக்கினார்கள். அப்பா வேலையால் வரும்வரை அந்த இன்னொரு போனும் இல்லாத வீடுகள்தான் அதிகம். அந்தப் பிள்ளைகள் இழந்த பாடம் எந்த நிறுவனத்தின் வருடாந்த அறிக்கையிலும் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் ஆறாத கோபம் இருக்கிறது.

என்ன செய்ய முடியும்

முதல் வழி, டவரைப் பொதுவாக்கிவிட்டுச் சேவையில் மட்டும் போட்டி போடுவது. ஒரே இரும்புக் கோபுரத்தில் மூன்று நிறுவனங்களின் அன்டெனாக்களும் தொங்கலாம். பாதைச் செலவு, கரண்ட் செலவு, நிலவாடகை மூன்றாகப் பிரியும். கம்பி காலத்தில் சொன்ன இயற்கை ஏகபோக நியாயம் இந்த முகட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே இடத்தில் மூன்று கோபுரம் உண்மையிலேயே வீண்செலவுதான். கோபுரம் ஒன்றாக இருக்கட்டும், அதில் ஏறுகிற நிறுவனங்கள் மூன்றாக இருக்கட்டும்.

இரண்டாவது, இலாபம் வராத இடத்துக்குப் பொதுப்பணம். 2020 இல் ஆணைக்குழு ஆரம்பித்த "கமட்ட சன்னிவேதனய" (கிராமத்துக்குத் தொடர்பு) திட்டம் இந்த இரண்டு வழிகளையும் சேர்த்தது. டவர் செலவில் ஆணைக்குழு ஒரு பங்கைப் போடும், நிறுவனங்கள் அதைப் பகிர்ந்து பாவிக்கும். இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். யோசனை சரியானது. தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை கிராம உத்தியோகத்தர் பிரிவு அளவில் கவரேஜ் பார்த்தால் போதாது, லயம் லயமாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பிரிவுக்குள் நாலு டிவிஷன் இருக்கும், ஒன்றில் எடுத்தாலும் வரைபடத்தில் முழுப் பிரிவும் பச்சையாகிவிடும்.

இலக்கத்தை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதியைப் பற்றி இலங்கையில் நீண்ட காலமாகப் பேச்சு நடந்தது. அது போட்டியைக் கூர்மையாக்கும், சந்தேகமில்லை. மாறிப் போக இரண்டாவது சிக்னல் இல்லாத இடத்தில் மட்டும் அதனால் பயன் குறைவு.

வானத்திலிருந்தும் ஒரு போட்டியாளர் வந்திருக்கிறார். 2024 இல் சட்டத்தைத் திருத்தி அனுமதி கொடுத்து, 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இங்கே சேவையைத் தொடங்கியது. செய்மதியிலிருந்து நேராக வருவதால் முகடு மறைக்கும் பிரச்சினை பெருமளவு குறைகிறது. விலை ஒரு தொழிலாளர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பாடசாலைக்கோ தோட்ட வைத்தியசாலைக்கோ வாசிகசாலைக்கோ பொதுவில் எடுத்துக் கொடுத்தால் கதை வேறு.

வரியையும் சொல்லிவிட வேண்டும். அழைப்புக்குத் தொலைத்தொடர்பு வரி 2019 கடைசியில் 11.25 வீதமாக இறங்கி, 2022 இல் 15 வீதமாக ஏறியது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது.  நிறுவனங்கள் எவ்வளவு மோதினாலும் இந்த வரிப் பங்கு குறையாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைச்சரிவுகளோடு சேர்ந்து கேபிள்களும் அறுந்தன, கரண்ட் போய் டவர்கள் அணைந்தன, உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே டவரை நம்பியிருக்கிற டிவிஷனில் அது விழுந்தால் உதவிக்குக் கூப்பிட வேறு வழியே இல்லை. இரண்டாவது சிக்னல் என்பதை நான் மலிவு விலைக்காக மட்டும் கேட்கவில்லை.

உங்கள் இடத்தில் சிக்னல் இல்லை என்று நிறுவனத்துக்கோ ஆணைக்குழுவுக்கோ எழுதும்போது, "கவரேஜ் இல்லை" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம், அங்கே எத்தனை குடும்பங்கள், மூன்று நிறுவனங்களில் எது வீட்டுக்குள் எடுக்கிறது, எது வெளியே மட்டும், எது எங்கேயும் இல்லை, பக்கத்து டவர் எந்த முகட்டில், அதில் யாருடைய அன்டெனா இருக்கிறது என்று எழுதுங்கள். தோட்டத் தலைவர், பாடசாலை அதிபர் கையெழுத்தோடு ஒரு பிரதியைப் பிரதேச சபைக்கும் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே டவர் நிற்கிறதென்றால், புது டவர் கேட்பதைவிட அதே டவரில் இரண்டாவது நிறுவனத்தையும் ஏற்றச் சொல்லிக் கேட்பது சீக்கிரம் நடக்கக்கூடியது.